மலிவாகும் ஊசி

எடை குறைக்கும் ஊசிகளான மவுஞ்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியின் மூலமருந்தான செமாக்ளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். உள்நாட்டுத் தயாரிப்புகள் பெருகி விலை இறங்க இறங்க, எடை குறைக்கும் ஊசி பெருநகரத்துச் சமாச்சாரமாக இருக்காது. கம்பம், சின்னமனூர் மருந்துக்கடை வரை வந்துவிடும். மருந்தை நான் பழிக்கவில்லை. பருத்த உடலோடு சர்க்கரையும் சேர்ந்து அவதிப்படுகிறவருக்கு அது நல்ல துணை. கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று தானாக வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் வம்பு.

இந்த ஊசியால் வாந்தியும் பேதியும் நீடித்தால் உடலில் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆபத்தும் உண்டு. கொழுப்போடு தசையும் கரையும். நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பிவிடும். சர்க்கரைக்கு ஏற்கெனவே கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அளவைத் திருத்தாமல் இதையும் சேர்த்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். விடியலில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவருக்கு மலைமேல் மயக்கம் வந்தால், தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எப்போது வந்து சேர்வது?

முன்பு இளைப்பதற்கென்று விற்ற சிபுட்ராமினை, மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2011இல் இந்தியா தடைசெய்தது. இந்த ஊசிக்கு அந்த நிலை வராது என்றே நினைக்கிறேன். ஆனால் குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று கேட்காமல் இதை எழுதித் தரக் கூடாது. சீட்டில்லாமல் விற்கும் கடையில் அதை யார் கேட்பார்கள்?