பெற்றோரை அழைப்பதற்குக் குலுக்கல் சீட்டா?

பெற்ற பிள்ளையோடு தன் முதுமைக் காலத்தைக் கழிக்க விரும்பும் தாய் ஒருத்திக்கு அவ்வாய்ப்பை அளிப்பதா இல்லையா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது? அவளுடைய வயதைக் கொண்டா? தனிமையைக் கொண்டா? பிள்ளை காத்திருந்த ஆண்டுகளைக் கொண்டா? இவற்றுள் எதுவுமன்று; குலுக்கலில் யார் பெயர் வருகின்றதோ அவரே விண்ணப்பம் செய்யலாம் என்று ஓர் அரசாங்கம் கூறுமாயின், அதனை நீதியென்று எவர்தான் ஒப்புவர்? பெற்றோரையும் பாட்டன் பாட்டிமாரையும் நிரந்தரமாக வதிவதற்கு அழைக்கும் திட்டத்தில், கனடா அரசாங்கம் இம்முறையையே கைக்கொண்டு வந்திருக்கின்றது.

இது எங்கோ ஒரு தொலைநாட்டின் உள்வீட்டு விவகாரம் என்று நாம் வாளாவிருத்தல் இயலாது. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எரிந்த நெருப்பு எம்மவரை உலகெங்கும் சிதறடித்தது. அவர்களுள் பெருந்தொகையினருக்குப் புகலிடம் அளித்த நாடு கனடா. அந்நன்றியை எமது மக்கள் என்றும் மறவார். ஆயினும் பிள்ளைகள் சென்றனர், பெற்றோர் நின்றனர். இன்று வடக்கிலே எந்தக் கிராமத்துக்குச் சென்றாலும், நான்கு பிள்ளைகளைப் பெற்றும் தனியே விளக்கேற்றும் முதியோரைக் காணலாம். காணிக்கும் வீட்டுக்கும் காவலாக இருக்கும் அவர்களுக்குக் காவல் யார்?

இத்திட்டத்தின் கதையைச் சிறிது பார்ப்போம். விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்துவிட்டன என்று கூறி, 2011 ஆம் ஆண்டு நவம்பரில் கனடா அரசாங்கம் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. 2014 இல் ஆண்டுக்கு 5,000 விண்ணப்பங்கள் என்ற வரம்போடு கதவு மீண்டும் திறந்தது. முதலில் வருபவருக்கே இடம் என்றபடியால், பணமுடையோர் ஆள்வைத்து அலுவலக வாசலில் வரிசை பிடித்தனர். அக்குறையைப் போக்குவதற்கென 2017 இல் குலுக்கல் முறை வந்தது. அதனை எதிர்த்துக் கண்டனம் எழவே, 2019 சனவரியில் இணையவழி முந்துவோருக்கு இடம் என்றனர். சில நிமிடங்களுக்குள் எல்லா இடங்களும் நிரம்பிவிட்டன. விரல் விரைந்தவர் வென்றார், விரையாதவர் தோற்றார். 2020 இல் மீண்டும் குலுக்கலே அரியணை ஏறியது.

இதற்குப் பின் நடந்ததே அனைத்திலும் கொடியது. 2020 ஆம் ஆண்டு அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை தம் விருப்பத்தைப் பதிவு செய்தோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அப்பெயர்களிலிருந்தே பின்வந்த ஆண்டுகளிலும் குலுக்கி எடுத்தனர். 2024 இல் 35,700 பேருக்கு அழைப்பு அனுப்பி 20,500 விண்ணப்பங்களை ஏற்பதென்றனர். 2025 இல் 17,860 பேரை அழைத்து 10,000 விண்ணப்பங்களை மட்டுமே ஏற்பதென்றனர். 2025 ஆம் ஆண்டின் அழைப்பு வரையில், 2020 இற்குப் பின் ஒரு புதிய பெயர் தானும் பதியப்படவில்லை.

இதன் பொருள் யாது? 2020 இல் பெயர் கொடுத்தவரின் தாய்க்கு அன்று எழுபது வயதென்றால், 2025 இல் எழுபத்தைந்து. ஐந்தாண்டு காத்திருந்ததனால் அவருக்கு ஓர் அடி தானும் முன்னேற்றமில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கின்றார். அவ்வாண்டுக்குப் பின் நிரந்தர வதிவுரிமை பெற்றவருக்கோ, குலுக்கலில் தோற்கும் பேறு கூட இல்லை! பக்கத்து வீட்டுக்காரிக்கு அழைப்பு வந்தது, எனக்கு ஏன் வரவில்லை என்று தாய் கேட்டால், பிள்ளை என்ன மறுமொழி சொல்வது? உன் வயது போதாது என்பதா? என் உழைப்புப் போதாது என்பதா? உன் பெயருக்குச் சீட்டு விழவில்லை, அம்மா என்பதுதானே உண்மையான மறுமொழி!

எத்தனை பேரை ஏற்பது என்று வரையறுக்கும் உரிமை அரசாங்கத்துக்கு இல்லையா என்று சிலர் வினவலாம். உண்டு, அதனை நாம் மறுக்கவில்லை. முதியோர் மருத்துவச் செலவுக்குப் பாரமாவர் என்ற வாதமும் எமக்குத் தெரியாததன்று. ஆனால் பெற்றோரை அழைப்பவர் தம் வருமானத்தை மூன்று ஆண்டுகளின் வரிக் கணக்குகளால் நிறுவ வேண்டும். கியூபெக் மாகாணம் நீங்கலாக, இருபது ஆண்டுகளுக்கு அவர்களைப் பராமரிப்பதாக உறுதிமொழியும் எழுதிக் கொடுக்க வேண்டும். இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் மாறி மாறி ஓடும் தம்பதியரின் பிள்ளைகளை வளர்த்து, அவர்களுக்குத் தமிழையும் ஊட்டும் பாட்டியைப் பாரமென்று கணக்கிடுவோர், அவர் சுமக்கும் பாரத்தை எந்தக் கணக்கிலே எழுதுவர்?

இதற்கு மாற்றாக நீண்டகால வருகை விசா இருக்கின்றதே என்பர். 2022 ஆடி முதல் அவ்விசாவில் ஒரு தடவையில் ஐந்தாண்டு வரை தங்கலாம் என்பது மெய்யே; அதனை வரவேற்கின்றோம். ஆயினும் அதன்படி சென்றவர் விருந்தாளியே அன்றி வீட்டாரல்லர். ஓராண்டுக்கேனும் ஒரு இலட்சம் டொலர் மருத்துவக் காப்புறுதியைத் தம் பணத்தால் வாங்கிக் காட்டவேண்டும். வசதியுடையோர்க்கு அது வழி; தொழிற்சாலையில் நாட்கூலிக்கு உழைப்பவர்க்கு அது மதில்.

மனிதரை எண்ணிக்கையாகப் பார்க்கும் ஆட்சிமுறை குடும்பங்களை என்ன செய்யும் என்பதை இந்நாட்டுத் தமிழருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1964 இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் கூறு போட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டனர். அண்ணனுக்கு ஒரு நாடும் தங்கைக்கு ஒரு நாடுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. நாடற்றவராக்கி அனுப்பிய அக்கொடுமையும், புகலிடம் தந்த நாட்டின் விதிமுறைக் குறையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. கணக்கு முடிந்ததும் மனிதரை மறந்துவிடும் போக்கு இரண்டுக்கும் பொதுவென்றே கூறுகின்றோம்.

ஆகவே, கனடாவில் வாழும் எம் உடன்பிறப்புகள், தம் வாக்குகளைப் பெற்றுப் பாராளுமன்றம் செல்வோரிடம் ஒரே கோரிக்கையை ஒரே குரலில் வைத்தல் வேண்டும். குலுக்கல் ஒழிக, வரிசை வருக! பெயரைப் பதிய எந்நாளும் கதவு திறந்திருக்கட்டும். பதிந்த நாளின்படி ஒவ்வொருவருக்கும் இலக்கம் வழங்கி, அது நகர்ந்து வருவதை அவரே பார்க்கும்படி செய்யட்டும். துணையை இழந்து தனித்திருக்கும் முதியோருக்கு முன்னிடம் தரட்டும். நீண்ட வரிசையும் துன்பமே. ஆனால் முடிவு தெரிந்து காத்திருத்தல் வேறு, முடிவறியாது ஏங்குதல் வேறு. 2022 மே 18 அன்று எமது இறந்தோரை நினைவுகூர ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிய பாராளுமன்றம் அது. உயிரோடிருக்கும் எம் முதியோரையும் அது எண்ணிப் பார்க்கட்டும்.

எம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. குலுக்கலில் பெயரை வரச் செய்வேன் என்று பணம் பறிக்கும் தரகர்களை நம்பாதீர்கள்; அது எந்தத் தரகராலும் ஆகாத காரியம். அழைப்பு வந்தபின் பத்திரம் தேடி அலைவதும் தவிர்க்கத்தக்கது. 1995 இன் வலிகாம இடப்பெயர்விலும் 2009 இன் வன்னிப் பேரழிவிலும் பிறப்பு, விவாகப் பத்திரங்களைப் பறிகொடுத்தோர் கச்சேரியில் அவற்றின் பிரதிகளையோ, பிறப்புப் பதிவு இல்லாதோர் உத்தேச வயதுச் சான்றிதழையோ இன்றே பெற்றுக்கொள்வார்களாக.

தாய் பிள்ளையோடு வாழ்வது அதிர்ஷ்டசாலிகளுக்கு விழும் பரிசன்று; அது மனிதரின் உரிமை. அவ்வுரிமைக்குச் சீட்டுக் குலுக்குவதை நிறுத்துங்கள் என்று கேட்பது பிச்சையுமன்று, நீதியே.