ஜெனரேட்டரை எங்கே வைப்பது?

எங்கள் மஹல்லாவில் பள்ளிவாசலை விரிவாக்கிக் கட்டுகிறார்கள். புதிய ஜெனரேட்டருக்குச் சகோதரர் ஒருவர் நன்கொடை அளித்துவிட்டார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. அதை நிலத்தடி வாகன நிறுத்தத்தில், படிக்கட்டின் கீழ் நிறுவுவதென்று நிர்வாகம் கருதுகிறது. இடம் மிச்சமாகும், தொழுகையின்போது இரைச்சலும் கேட்காது என்கிறார்கள். காரணங்கள் நியாயமானவை, முடிவுதான் தவறானது. (அடைபட்ட இடத்தில் சேரும் டீசல் புகையும் ஆபத்தானதே.)

ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 11 அன்று நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலநடுக்கத்தால் வெளியிலிருந்து வந்த மின்சாரம் அறுந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் உடனே இயங்கின. ஏறத்தாழ 50 நிமிடங்கள் கழித்து ஆழிப்பேரலை வந்தது. ஜெனரேட்டர்களுள் பெரும்பாலானவை நிலத்தடித் தளங்களில் இருந்தன, மூழ்கின. நீர் தொடாதவற்றுள்ளும் சில பயன்படவில்லை. அவற்றின் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் மின்பலகைகள் நீரில் கிடந்தன. 6ஆம் உலைக்குரிய, காற்றால் குளிர்விக்கப்படும் ஜெனரேட்டர் ஒன்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதைக்கொண்டே 5, 6 உலைகளைக் காப்பாற்றினார்கள். 1, 2, 3 உலைகளில் எரிபொருள் உருகியது.

இயந்திரங்களின் எண்ணிக்கையில் அங்கே குறையில்லை. முதன்மை மின்சாரத்தை வீழ்த்தும் அதே பேரிடர் மாற்று ஏற்பாட்டையும் வீழ்த்தும்படி அமைத்ததே குறை.

எங்கள் மஹல்லா அடையாற்றிலிருந்து நடை தூரத்தில் உள்ளது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் பள்ளிவாசல்கள் பல, சமய வேறுபாடு பாராமல் மக்களுக்கு அடைக்கலம் தந்தன. அத்தகைய இரவில் நம் வாசலுக்கு வருவோருக்கு வெளிச்சமும், மோட்டார் இறைக்கும் குடிநீரும், கைப்பேசிக்கு மின்னேற்றமும் வேண்டும். மின்சாரம் நிற்கும் அந்த நேரத்தில்தான் ஆற்றுநீர் வாகன நிறுத்தத்துக்குள் இறங்கும்.

ஆகவே ஜெனரேட்டர் மட்டுமன்று, மின்பலகையும் எரிபொருள் தொட்டியும் 2015இல் நீர் நின்ற மட்டத்துக்கு மேலே அமைய வேண்டும். மேடை கட்டும் செலவும், இரைச்சலை அடக்கும் கூண்டின் செலவும் கூடும்தான். அதற்காக மீண்டும் ஒருமுறை நன்கொடை கேட்பதில் வெட்கம் வேண்டாம். மாதம் ஒருமுறையேனும் மின்விசிறிகள், மோட்டார் அனைத்தையும் இணைத்து அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கும் பொறுப்பை ஒருவர் ஏற்கட்டும். சும்மா உறுமவிட்டு நிறுத்துவது சோதனையாகாது.

வாகன நிறுத்தத்திற்குக் கான்கிரீட் இடும் பணி அடுத்த வாரம் தொடங்குகிறது. வரைபடம் இன்னும் நிர்வாகத்தின் மேசையில்தான் இருக்கிறது.