நாமினி யாரு சார்?

உயில் எழுதப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி முதலில் செய்த காரியம், என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. அடுத்தது, "போன மாசம் எடுத்த செக்கப் ரிப்போர்ட் எங்கே?" என்று பீரோவைக் குடைந்தது. அம்மா பூஜை அலமாரிப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்னடா பேச்சு இது?"

எனக்கு வயது முப்பத்தாறு. ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ராலைத் தவிர வில்லன் யாருமில்லை. சொத்து? ஒரு ஃப்ளாட் (ஹால் மட்டும் என்னுடையது, மீதி பேங்க்குடையது), ஒரு பைக், கொஞ்சம் டெபாசிட், பி.எஃப்., அப்புறம் நண்பன் பேச்சைக் கேட்டு வாங்கிய சில ஷேர்கள். இதற்கு உயிலா? உயில் என்றால் சினிமாவில் ஜமீன்தார் இருமிக்கொண்டே எழுதுவது, வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே படிப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன வருஷம் இன்னொரு நண்பன் வீட்டுக்குப் போகிறவரை.

பழைய ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட்காரன். முப்பத்துநாலு வயது. காலையில் பைக்கில் போனவன் திரும்பவில்லை. மனைவி, இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, ஊரிலிருந்து வந்த அம்மா. காரியமெல்லாம் முடிந்து நாலு நாள் கழித்து எனக்கு போன் வந்தது. நான் பி.காம். அதனால் எங்கள் வட்டாரத்தில் அரை ஆடிட்டர், கால் வக்கீல். "கொஞ்சம் வந்து பார்த்துச் சொல்லுப்பா."

விஷயம் இதுதான். அவன் பேரில் ஆறு லட்ச ரூபாய் டெபாசிட். பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில் போட்டது. ஃபாரத்தில் 'நாமினி' என்ற கட்டத்தில் அம்மா பெயரை எழுதியிருக்கிறான். பிறகு கல்யாணம் ஆச்சு, குழந்தை ஆச்சு, டெபாசிட் தன்பாட்டுக்கு ரினியூவல் ஆகிக்கொண்டே இருந்தது. கட்டத்தை யார் திரும்பிப் பார்த்தது? பேங்க் அம்மாவிடம் பணத்தைக் கொடுத்துவிட்டது. அவர்கள் மேல் தப்பே இல்லை.

மருமகள் கேட்டபோது அந்த அம்மா சொன்னது ஒரே வரி. "என் பிள்ளை என் பேரைத்தானே எழுதினான்?"

அதில் பேராசை கிடையாது சார். மகன் கைப்பட எழுதிய தன் பெயர் அந்த அம்மாவுக்கு ஒரு கடுதாசி மாதிரி. இந்தப் பக்கம் மருமகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "வாடகைக்கு நான் எங்கே அண்ணா போறது?" என்கிறாள். நடுவில் நான், ஆறிப்போன காபியோடு.

நாமினி என்பவர் யார்? கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்! நோட்டும் பணமும் அவர் மடியில்தான் இருக்கும். வருகிறவர்கள் அவரிடம்தான் கொடுப்பார்கள். அதற்காகப் பணம் அவருடையதாகி விடுமா? விடிந்ததும் வீட்டுக்காரரிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும். நாமினியும் பேங்க்கில் வாங்கி, வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். அவரே ஒரு வாரிசாக இருந்தால் அவர் பங்கு அவருக்கு. அவ்வளவுதான். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம் என்று ஆகியிருக்கிறது. மொய் எழுத நாலு பேர்! ஷேர்களுக்கும் இதே கதைதான் என்று 2023 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

இன்ஷூரன்ஸ் மட்டும் கொஞ்சம் வேறு. 2015-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அப்பா, அம்மா, மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம்.

சரி, வாரிசு யார்? உயில் இல்லாமல் ஓர் ஆண் போய்ச் சேர்ந்தால், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் சம பங்கு. (கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்களுக்குக் கணக்கு வேறு.) அப்பா? முதல் பட்டியலிலேயே அவர் கிடையாது! கல்யாணமாகாத தம்பிகளே, இன்றைக்கு உங்களுக்கு ஒன்று ஆனால் முழுச் சொத்தும் அம்மாவுக்கு. ஸ்கூல் ஃபீஸ் கட்டிய அப்பா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டியதுதான்.

ஆக, என் நண்பனின் ஆறு லட்சத்தில் அம்மாவுக்கு இரண்டு, மனைவிக்கு இரண்டு, குழந்தைக்கு இரண்டு. இதைச் சொன்னதும் அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அப்போ அவன் என் பேரை எழுதினதுக்கு அர்த்தமே இல்லையா தம்பி?"

பி.காம்.மில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.

பணத்தை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். மனசு சேரவில்லை. குழந்தையின் மூன்றாவது பிறந்தநாளுக்கு இரண்டு வீட்டில் இரண்டு கேக்.

பி.எஃப். இன்னொரு கூத்து. கல்யாணத்துக்கு முன்னால் கொடுத்த நாமினேஷன், தாலி கட்டியதும் செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். அவன் கொடுக்கவில்லை. அதற்கு அலைந்த அலைச்சல் தனி. இதைப் படிக்கிற புது மாப்பிள்ளைகள் மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஆபீஸில் ஒரு போன் போட்டு விசாரிக்கலாம். நான் காத்திருக்கிறேன்.

அவன் ஒரு வெள்ளைத்தாளில் "இது அம்மாவுக்கு, இது அவளுக்கு" என்று நாலு வரி எழுதியிருந்தால் போதும். ஆமாம், வெள்ளைத்தாள். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, செய்தால் நல்லது. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அதை இரண்டு சாட்சிகள் பார்க்க வேண்டும், அவர்களும் உங்கள் முன்னாலேயே போட வேண்டும். அவர்கள் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டியதில்லை. சொத்து வாங்கப் போகிறவரைச் சாட்சியாகப் போடாதீர்கள், வம்பு. எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும். உங்கள் பங்குக்கு மட்டும் எழுதுங்கள். தாத்தா தோட்டம் முழுவதையும் தாரை வார்க்க முடியாது.

கடன் உள்ளவர்களுக்கு ஒன்று. இனிமேல் இன்ஷூரன்ஸ் எடுத்தால், 1874-ம் வருஷத்து மணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று ஃபாரத்திலேயே கேளுங்கள். அந்தப் பணம் மனைவி பிள்ளைகளுக்கு. கடன்காரர் கை வைக்க முடியாது. பிறகு கேட்டால் கிடைக்காது.

நான் எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். ஆபீஸ் மாடியில் இரண்டு சக ஊழியர்கள் சாட்சி. ஒருவர், "எனக்கு ஏதாவது இருக்கா?" என்றார். போன தீபாவளிக்கு வாங்கிய ஐந்நூறை நினைவுபடுத்தினேன். சட்டென்று கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை ராத்திரி அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் மளிகைச் சீட்டின் பின்பக்கம். ரெட்டை வடம் சங்கிலி, நாலு வளையல், யார் யாருக்கு என்று பென்சிலில் எழுதியிருந்தாள்.

"இதையும் உன்னுதுல சேத்துடு."

"அது உன் சொத்தும்மா. நீதான் தனியா எழுதணும்."

யோசித்தாள். எழுந்துபோய் காலண்டரில் தாளைத் தூக்கிப் பார்த்தாள்.

"புதன்கிழமை பத்தரைக்கு மேல நல்லா இருக்கு. பேனா எடுத்து வை."