பருவம் அறிந்து பயணம் செல்க: தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு பொது வேண்டுகோள்

தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்கள் அனைத்தின் கவனத்திற்கும், ஆசிரியர்கள், பெற்றோர், மலையூர்களிலும் அருவிக்கரை ஊர்களிலும் வாழ்வோர் ஆகியோர் ஒன்றுகூடிய குழுவொன்று இவ்வேண்டுகோளை முன்வைக்கிறது. குடும்பச் சுற்றுலா என்பது மே மாதத்தின் சில வாரங்களுக்குள்ளும் உதகமண்டலம், கொடைக்கானல் என்னும் இரண்டு மலையூர்களுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கும் நிலை மாற வேண்டும். மாநிலத்தின் ஒவ்வோர் இடத்திற்கும் அதற்குரிய பருவத்தில் சென்று, அவ்விடத்து மக்களுக்கும் மண்ணுக்கும் சுமையாகாமல் தங்கித் திரும்பும் வழக்கம் வேரூன்ற வேண்டும் என்பதே இதன் சாரம்.

கோடை என்றாலே மலை என்னும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழமையானதன்று. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் நீலகிரிக்குச் சென்றதையும், அடுத்த சில ஆண்டுகளில் உதகமண்டலத்தில் ஐரோப்பியக் குடியிருப்பு உருவானதையும் தொடர்ந்து, சமவெளியின் வெப்பத்தைத் தாங்க இயலாத ஆங்கில அதிகாரிகள் கோடைதோறும் மலையேறத் தொடங்கினர். நாளடைவில் சென்னை மாகாண அரசின் அலுவல்களே கோடைக்காலத்தில் உதகைக்கு இடம்பெயர்ந்தன. 1848இல் உதகையில் தாவரவியல் பூங்கா தொடங்கப்பட்டது. 1863இல் கொடைக்கானல் ஏரி அமைந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இல் ஓடத் தொடங்கிய மலை இரயில் 1908இல் உதகையை எட்டியது. பற்சக்கரத்தின் துணைகொண்டு செங்குத்தான சரிவில் ஏறும் அந்த 46 கிலோமீட்டர் இருப்புப்பாதை 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னர்ப் பேருந்து வசதி பெருகவே, ஒரு சிறு கூட்டத்தின் கோடை வாசம் எல்லாக் குடும்பங்களுக்கும் எட்டும் இன்பமாயிற்று. அது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் இன்று மாநிலம் முழுவதும் ஒரே நேரத்தில் அதே இரண்டு மலைகளை நோக்கிப் புறப்படுவதன் விளைவுகளைக் கண்டுகொள்ளாமல் இருக்க இயலாது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்கள் முன்கூட்டியே இணையவழியில் பதிவுசெய்து பெற வேண்டிய அனுமதிச் சீட்டாகிய இ-பாஸ் 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டின் கோடையில், நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்களும் வார இறுதி நாள்களில் 8,000 வாகனங்களும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வாகனங்களும் மட்டுமே செல்லலாம் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. இக்கட்டுப்பாட்டைத் தொல்லையாகக் கருதுவோர் மலையின் இயல்பை எண்ணிப் பார்க்க வேண்டும். மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி வளரும் பசுமைமாறாக் காடுகளாகிய சோலைகளும், அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுவதால்தான் பவானியும் மோயாறும் சமவெளிக்கு வந்து வயல்களை நனைக்கின்றன. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் மலையூர்களின் நீர்நிலைகள் தாழ்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் விடுதிகளின் தண்ணீர்த் தேவை உச்சத்தை அடைகிறது. மலைப்பாதையில் வாகனங்கள் மணிக்கணக்கில் தேங்கும்போது, ஊர்மக்கள் மருத்துவமனைக்குச் செல்வதும் வேலைக்குச் செல்வதும் தடைபடுகின்றன. ஆங்காங்கே வீசியெறியப்படும் கண்ணாடிப் பாட்டில்களின் உடைசில்லுகள் யானை முதலிய விலங்குகளின் கால்களைக் கிழிக்கின்றன.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே எண்ணும் மரபு தமிழருக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வகுத்து, ஓராண்டின் ஆறு பருவங்களாகிய பெரும்பொழுதையும் ஒரு நாளின் பகுதிகளாகிய சிறுபொழுதையும் திணைகளுக்கு உரியனவாகக் காட்டுகிறது. அவ்விலக்கணம் மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரிய பருவங்களாகக் கூறுவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களைக் கொண்ட கூதிரையும், மார்கழி, தை மாதங்களைக் கொண்ட முன்பனியையுமே; வேனிலை அன்று. இது பயண வழிகாட்டி அன்று, பாடலின் இலக்கணமே. எனினும் ஓரிடத்தின் முழு அழகும் ஒரு குறிப்பிட்ட காலத்தோடு பிணைந்தது என்னும் தெளிவு அதில் உண்டு. பள்ளி நாட்காட்டியும் இத்தெளிவுக்கு இடம்தருகிறது. கோடை விடுமுறை ஒன்றே விடுமுறையன்று. செப்டம்பர் இறுதியில் காலாண்டுத் தேர்வு விடுமுறையும், டிசம்பர் இறுதியில் அரையாண்டுத் தேர்வு விடுமுறையும், தை பிறந்ததும் பொங்கல் விடுமுறையும் வருகின்றன.

பருவத்தோடு பிரிக்க முடியாத இடத்திற்குத் தக்க சான்று, தென்காசி மாவட்டத்திலுள்ள குற்றாலம். மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து தென்மேற்குப் பருவக்காற்று வரும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலத்தில், இளவெயிலும் மெல்லிய தூறலும் மாறிமாறி வரும் சாரல் அங்கே நிலவ, பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி ஆகியவற்றில் நீர் நிறைந்து விழுகிறது. கூத்தப்பெருமானின் ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபையும் அவ்வூரில்தான் உள்ளது. அதன் சுவரோவியங்கள் அருவிக் குளியலுக்கு வருவோர் பலராலும் காணப்படாமலே போகின்றன. கோடையில் வறண்ட பாறையைக் கண்டு ஏமாந்து திரும்புவதைவிட, பள்ளி திறந்தபின் வரும் ஒரு சனி, ஞாயிறை அங்கே செலவிடுவது குடும்பத்திற்கு நிறைவு தரும். ஆனால் அருவியின் அடியில் வெயில் காயும்போதே மலைமேல் பெய்த மழை வெள்ளமாக இறங்கிவரக்கூடும். 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் அவ்வாறு வந்த திடீர் வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்தது. குளிக்கத் தடை என்று காவலர் அறிவித்தால், அதை மீறாமல் விலகி நிற்பது பெற்றோரின் கடமையாகும்.

அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் பறவைகளின் காலம். செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியில் நவம்பர் முதல் மார்ச் வரை நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் முதலிய நீர்ப்பறவைகள் நீரில் நிற்கும் மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்திருந்த உழவர்கள், அரசின் சட்டம் எதுவும் தோன்றுவதற்கு முன்பிருந்தே அப்பறவைகளைக் காத்துவந்தனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சியரிடம் முறையிட்டு, வேட்டைக்கு எதிரான உரிமையையும் எழுத்து வடிவில் பெற்றனர். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், வீடுகளுக்கு நடுவே உள்ள மரங்களிலேயே பறவைகள் கூடுகட்டுகின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையிலோ, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் பூநாரைகளையும், புல்வெளியில் துள்ளி ஓடும் வெளிமான்களையும் ஒரே பயணத்தில் காண இயலும். இயற்கையைக் காப்பது எவ்வாறு என்று பாடநூல் சொல்வதை, இந்த ஊர்களின் மக்கள் வாழ்ந்து காட்டுகின்றனர் என்பதே குழந்தைகள் அங்கு கற்க வேண்டிய முதற்பாடம்.

சிதம்பரத்திற்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் அமைந்த பிச்சாவரமும் இப்பருவத்திற்கு உகந்தது. கடலும் ஆறும் கலக்கும் உவர்நீரில் வேரூன்றி, அலையின் வேகத்தைத் தணிப்பதால் அலையாத்திக் காடு எனப்படும் அக்காட்டில், சுரபுன்னை மரங்களின் தாங்கு வேர்களுக்கு இடையே துடுப்புப் படகில் செல்லலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது, இக்காட்டிற்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைந்திருந்தது என்பதை அங்கு நின்று கேட்கும் குழந்தை, காடு என்பது வெறும் காட்சிப் பொருளன்று என்பதை உணரும்.

வரலாற்று இடங்களுக்கும் மார்கழி, தை மாதங்களே ஏற்றவை. வெயிலில் சுடும் கற்றளத்தில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தையால் சிற்பத்தை நின்று நோக்க இயலாது. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலையும், அவன் மகன் இராசேந்திரன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழபுரத்தையும், தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலையும் இரண்டு நாள்களில் வரிசையாகக் கண்டால், சோழர் கட்டடக்கலை தலைமுறைதோறும் மாறிய விதம் கண்முன் விளங்கும். 2025ஆம் ஆண்டு ஜூலையில் மராத்தியர் படைத்தளங்களின் தொகுதியில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக்கோட்டை மூன்று குன்றுகளை மதிலால் இணைத்தது. அதில் ஏறுவதற்கும் குளிர்காலக் காலை நேரமே தகுந்தது. 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில், வைகைக்கரையில் வாழ்ந்த பழந்தமிழரின் மட்கலங்களையும், எழுத்துப் பொறித்த ஓடுகளையும், விளையாட்டுக் காய்களையும் அவை கிடைத்த மண்ணிலேயே காண முடிகிறது.

கோடையில் குளிர்ச்சி நாடுவோர்க்கும் வழியுண்டு. சேலத்தை அடுத்த ஏற்காடு, திருப்பத்தூர் மாவட்டத்து ஏலகிரி, சவ்வாது மலை, நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை ஆகியவை அருகிலுள்ள மாவட்டங்களின் குடும்பங்களுக்குக் குறைந்த செலவில் எட்டக்கூடியவை. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து செல்ல வேண்டும். அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் சாமை, தினை, மிளகு, காப்பி, பலா ஆகியவற்றை விளைவிக்கின்றனர். உதகையையும் கொடைக்கானலையும் தவிர்க்க வேண்டும் என்று இக்குழு கூறவில்லை. மே மாத நெரிசலில் செல்வதைத் தவிர்த்து, மழை ஓய்ந்த நாள்களில் செல்லுமாறே கூறுகிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் நகரும் விதத்தை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டறிந்த வானாய்வகம் கொடைக்கானலில் உள்ளது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, கடைசியாக 2018இல் மலைச்சரிவுகளை நீலமாக்கிய குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். ஏரியில் படகு விட்டுத் திரும்பும் அவசரப் பயணத்தில் இவற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை.

எனவே இக்குழு தமிழ்நாட்டுக் குடும்பங்களிடம் ஐந்து செயல்களை வேண்டுகிறது.

முதலாவது, ஆண்டின் தொடக்கத்திலேயே குழந்தைகளையும் முதியோரையும் உடன்வைத்துப் பேசி, எந்த விடுமுறைக்கு எந்த ஊர் என்று முடிவுசெய்தல் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், இதுவரை சென்றிராத அண்டை மாவட்டத்து இடமொன்றைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, இயன்றவரை இரயிலிலும் பேருந்திலும் செல்லுதல் வேண்டும். சொந்த வாகனத்தில் மலையேறுவோர், மேலேறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கும் மலைப்பாதை விதியைத் தவறாமல் பின்பற்ற வேண்டும்.

மூன்றாவது, 2019ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்தே ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்கு மாநிலம் முழுவதும் தடை உள்ளதை நினைவிற்கொண்டு, வீட்டிலிருந்தே தண்ணீர்ப் பாத்திரமும் மஞ்சப்பையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். கொண்டுசென்றவற்றின் மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். அருவியிலும் ஆற்றிலும் சோப்பும் ஷாம்பூவும் கலத்தல் கூடாது.

நான்காவது, குரங்குகளுக்கும் மான்களுக்கும் தின்பண்டம் தருதல் கூடாது; மனிதரின் உணவுக்குப் பழகிய விலங்கு காட்டில் இரைதேடுவதை விட்டுச் சாலையோரம் நின்று வண்டியில் அடிபடுகிறது, அல்லது வீடுகளுக்குள் நுழைந்து மக்களின் பகையாகிறது.

ஐந்தாவது, செலவிடும் பணத்தில் ஒரு பகுதியேனும் அந்தந்த ஊர் மக்களின் கைக்குச் சேர வேண்டும். படகோட்டி, பரிசல் ஓட்டி, சாலையோரம் பலாச்சுளை விற்கும் மலைவாழ் பெண், பூத்தையல் செய்யும் தோடர் பெண்கள், கல் செதுக்கும் மாமல்லபுரத்துச் சிற்பிகள், கோரைப்பாய் நெய்யும் பத்தமடைக் குடும்பங்கள் ஆகியோரின் வாழ்வு, வருவோரின் நேர்மையான விலையையும் மரியாதையான சொல்லையும் நம்பியிருக்கிறது.

ஆசிரியர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கு முன்பும், அப்பருவத்தில் காணத்தக்க இடங்களை வகுப்பறையில் மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டும் என்றும், தொழில் நிறுவனங்கள் தம் பணியாளர்க்குக் கோடையல்லாத மாதங்களிலும் குடும்பத்தோடு செல்ல விடுப்பு அளிக்க வேண்டும் என்றும் இக்குழு கூடுதலாகக் கேட்டுக்கொள்கிறது. விடுப்பு கிடைக்காத தந்தையும் தாயும் மே மாதத்தைத் தவிர வேறு வழியில்லாமல்தான் அந்நெரிசலில் சேர்கின்றனர் என்பதை உணராமல், குடும்பங்களை மட்டும் குறைகூறுதல் முறையாகாது.

தமிழ்நாட்டின் மலையும் கடலும் ஏரியும் கோயிலும் இங்கு வாழும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரியவை. இனிப் பிறக்கவிருக்கும் குழந்தைகளுக்கும் உரியவை. வரும் விடுமுறையிலிருந்தே, பருவம் அறிந்து ஊரைத் தேர்ந்தெடுத்து, சென்ற இடத்தைக் கெடுக்காமல் திரும்புவதென ஒவ்வொரு குடும்பமும் உறுதி ஏற்குமாறு இக்குழு பணிவுடன் வேண்டிக்கொள்கிறது.