நண்பன் டல்லாஸ் போயிட்டானா? ‘ஹாய்’ மட்டும் போதாது!

நீங்க கனகம்மாசத்திரத்தில். சின்ன வயசிலிருந்து ஒண்ணா சுற்றிய நண்பன் இப்போ டல்லாஸில். தினமும் வந்த மெசேஜ், பிறந்தநாள் வாழ்த்தாகச் சுருங்கிவிட்டதா?

பள்ளிப் படிப்பை முடித்த பிரிட்டன் மாணவர்களை 18 மாதங்கள் ஆய்வு செய்தது ராபின் டன்பார் குழு. பெண்களின் நட்பைக் காப்பாற்றியது பேச்சு. ஆண்களின் நட்புக்குப் பேச்சு போதவில்லை. சேர்ந்து எதையாவது செய்தவர்களே நெருக்கமாக இருந்தார்கள்.

அதனால், ‘ஃப்ரீயானதும் பேசலாம்’னு காத்திருக்காதீங்க. சேர்ந்து செய்ய ஏதாவது ஒன்றைப் பிடிங்க. டிசம்பர் 31 இரவு திருத்தணி படித் திருவிழாவுக்குப் போறீங்களா? இங்கே நள்ளிரவு 12 மணி என்றால் அங்கே பகல் 12:30. வீடியோ காலில் அவனையும் 365 படி ஏற்றிவிடுங்க.

‘அவன் பிஸியா இருப்பான்’னு நீங்களே முடிவு பண்ணாதீங்க. உங்களைப் பற்றி அவனும் அதையேதான் நினைச்சுக்கிட்டு இருப்பான்.