குடிக்காமல் திரும்பி வரும் தண்ணீர்



எங்களோடு களவேலை செய்யும் ஒரு அக்காவைப் பற்றி இம்முறை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “பேரைப் போடாமல் எழுதும் பிள்ளை. ஆருக்கெண்டாலும் உதவும்” என்றார். ஆகவே அவரை அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. கணவரை 2009 இல் இழந்தவர். பிள்ளைகள் இருவர். லீசிங்கில் எடுத்த ஸ்கூட்டி ஒன்றில் பூநகரிப் பக்கத்திலிருந்து ஏ-32 வீதி வழியே மன்னார்ப் பக்கமாக இறங்கி, தையல் குழுக்கள், வீட்டுத்தோட்டக் குழுக்கள், சேமிப்புக் குழுக்கள் என்று பார்த்துக்கொண்டு போவார். சில நாட்களில் போக வர எண்பது, தொண்ணூறு கிலோமீற்றர் வரும். அந்த வீதியைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஊருக்கும் ஊருக்கும் இடையில் வெட்டவெளியும் பற்றைக்காடும்தான். கடை ஒன்றைக் காண்பதற்கே வெகுதூரம் ஓட வேண்டும்.

ஒவ்வொரு நாளும் காலையில் ஒன்றரை லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பி ஸ்கூட்டியில் வைப்பார். பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் மகள் அந்தப் போத்தலை எடுப்பாள். அப்படியே நிறைந்து இருக்கும். மூடிகூடத் திறபட்டிராது. மகள் அதை வாசலில் நிற்கும் செவ்வரத்தைக்கு ஊற்றிவிடுவாளாம். இரண்டு வருடம் இப்படியே நடந்தது. ஒருவருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

போன வருடம் பங்குனியில் அக்காவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். நாரியில் தாங்க முடியாத நோ. டெங்கு என்று எண்ணித்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். வாட்டில் இருந்த பெண் வைத்தியர் இரத்தத்தைப் பார்ப்பதற்கு முதல் ஒரு கேள்வி கேட்டார்: “ஒரு நாளைக்கு எத்தனை தரம் சலம் போறனீங்கள்?” அக்கா விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். காலையில் ஒரு தரம். பிறகு இரவில். அவ்வளவுதான். சலப்பையில் தொடங்கிய கிருமித்தொற்று சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருந்தது. ஒரு கிழமை வாட்டில் இருந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நான் கேட்டேன், “ஏன் அக்கா, போத்தலில் தண்ணி இருந்ததுதானே?”

“தண்ணி இருக்கு பிள்ளை. குடிச்சா எங்கை போறது?”

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஏனென்றால் நானும் அப்படித்தான். வெளிக்களத்துக்குப் போகும் நாளில் காலைத் தேநீரைக்கூடப் பாதியோடு நிறுத்துவேன். மாதவிடாய் நாட்களில் இன்னும் மோசம். எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பெண்கள் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறோம். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச்சில் எடுத்தபோது ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். எல்லோரிடமும் அதே கதை. ஆண் உத்தியோகத்தர்களுக்கு இது விளங்க நேரம் எடுத்தது. அவர்களுக்கு வீதியோர மரம் போதும்.

மீள்குடியேற்றம் தொடங்கிய 2010, 2011 ஆம் ஆண்டுகளில் இந்தப் பழக்கம் எங்களுக்குள் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்போது வன்னி வீதிகளின் இரு கரையிலும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. வீதியை விட்டு இரண்டு அடி இறங்கினால் மிதிவெடி. காட்டுக்குள் ஒதுங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. பலகைகள் பல இடங்களில் கழன்றுவிட்டன. உடம்பு அடக்கிப் பழகியதை மறக்கவில்லை.

இப்போது உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வெயிலில் நடந்து போனால் வியர்வை வழிவது தெரியும், தாகம் எடுக்கும். மோட்டார் சைக்கிளில் போகும்போது காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை வந்தவுடனே காய்ந்துவிடும். சட்டை நனையாது. உடம்பு குளிர்ந்தது போலத்தான் இருக்கும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணித்தியாலத்தில் அரை லீற்றருக்கு மேலேயும் உடம்பிலிருந்து போய்விடலாம். தாகம் தெரிய வருவதற்குள் தலையிடி தொடங்கிவிடும். பிறகு எரிச்சல், கவனக்குறைவு. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தினர் 2015 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மணிக்கு ஒரு மிடறு அளவு மட்டும் குடித்து இரண்டு மணித்தியாலம் வாகனம் ஓட்டியவர்கள் (உண்மை வீதியில் அல்ல, ஆய்வுகூடத்தில் உள்ள மாதிரி வாகனத்தில்) போதியளவு குடித்தவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் பிழை விட்டார்கள். கோடு தாண்டினார்கள், பிந்திப் பிரேக் பிடித்தார்கள். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்களை வைத்துச் செய்திருந்தால் அடக்கிக்கொண்டு ஓட்டுவதையும் சேர்த்து அளந்திருக்க வேண்டும்!

பெண்களுக்குச் சலக்குழாய் மிகக் குறுகியது. கிருமி சலப்பைக்குப் போய்ச் சேர அதிக தூரம் இல்லை. அடிக்கடி சலம் போனால் அது கழுவுப்பட்டுவிடும். அடக்கி வைத்தால் உள்ளேயே பெருகும். சலம் போகும்போது எரிவு, கலங்கல், கெட்ட மணம், அடிக்கடி முட்டுவது போன்ற உணர்வு இருந்தால் அன்றே மருந்தெடுக்க வேண்டும். அதோடு காய்ச்சல், நடுக்கம், நாரி நோ சேர்ந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் இதில் இன்னும் கவனம். சலத்தின் நிறத்தைப் பார்த்தே எங்கள் நிலையை அறியலாம். வெளிறிய வைக்கோல் நிறம் என்றால் போதும். கடும் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் காணாது.

சரி, எவ்வளவு கொண்டுபோவது, எப்படிக் கொண்டுபோவது? புறப்பட அரை மணித்தியாலத்துக்கு முன் இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, வீட்டிலேயே சலம் போய்விட்டு ஏறுங்கள். இரண்டு மணித்தியால ஓட்டத்துக்கு ஒன்றரை லீற்றர் கையில் இருக்கட்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிழலில் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, நாலைந்து மிடறு. ஓடிக்கொண்டே குடிக்க வேண்டாம்.

பலர் தண்ணீர்ப் பையைக் கைபிடியில் கொழுவிக்கொண்டு போவதைக் காண்கிறேன். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. அது ஆடும்போது கைபிடி இழுபடும், முன்சில்லில் பை சிக்கினால் விழுவதுதான். ஸ்கூட்டியின் முன்னால் காலுக்கு நடுவே உள்ள கொழுக்கியில் மாட்டலாம், அல்லது முதுகுப்பையில் வைக்கலாம். இருக்கைக்குக் கீழுள்ள பெட்டியில் வைத்தால் கீழே எஞ்சின் சூடு. அரை மணித்தியாலத்தில் தேநீர் போடலாம் என்று சொல்லும் அளவுக்குத் தண்ணீர் கொதிக்கும். மென்மையான பிளாஸ்டிக் போத்தல் என்றால் மணமும் ஏறும். எவர்சில்வர் போத்தல் நல்லது. இல்லையென்றால் போத்தலைச் சுற்றி ஈரத்துணி கட்டி, காற்றுப் படும் இடத்தில் வைத்தால் குளிர்ந்து இருக்கும். மண்பானை குளிர்வதும் இப்படித்தான்.

இன்னொன்று, பயத்தோடுதான் எழுதுகிறேன். வழியில் முடிந்துவிடும் என்று சோடாப் போத்தலில் பெற்றோல் வாங்கித் தண்ணீர்ப் போத்தலோடு ஒரே பெட்டியில் வைப்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களுடையது. போத்தலில் எரிபொருள் என்பது எங்களுக்குப் புதினமில்லை. ஆனால் ஒரே மாதிரிப் போத்தல்கள் இரண்டு இருந்தால் ஒருநாள் பிள்ளை மாறிக் குடிக்கும். மருந்து வந்த கானைக் கழுவித் தண்ணீர் எடுப்பதும் இதே மாதிரித்தான். எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

கடும் வெயிலில் நீண்ட தூரம் போகிறவர்கள் ஜீவனிப் பக்கற் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் முழுப் பக்கற்றையும் கரைத்து, ஒரு நாளுக்குள் குடித்து முடிக்க வேண்டும். பக்கற் இல்லையென்றால் ஒரு லீற்றருக்கு ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும், மட்டமாக அளந்து. மோர், தேசிக்காய்த் தண்ணீர், இளநீர் எல்லாம் நல்லதே. நீரிழிவோ பிறசரோ உள்ளவர்கள் சீனி, உப்புச் சேர்ந்ததை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பதும் எங்கள் மாவட்டங்களில் சின்னக் கேள்வியல்ல. பூநகரிப் பக்கத்தில் பல கிணறுகள் உவர். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றில் உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று. வட மத்திய மாகாணத்தில் 1990களில் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் வவுனியாவிலும் முல்லைத்தீவின் சில பகுதிகளிலும் உண்டு. காரணங்களில் ஒன்றாக வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடியாமல் இருப்பதையும் ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். புளோரைட்டும் நைத்திரேற்றும் போகாது. ஆகவே வீட்டிலோ ஊர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலோ எடுத்த நல்ல தண்ணீரைக் கொண்டுபோவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. சமூகவியல் படித்தவள் என்பதால் கண்ணில் பட்டதா, அல்லது பட வேண்டியது பிந்திப் பட்டதா தெரியவில்லை. எங்களில் சிலர் போத்தலைக் கையில் வைத்திருப்பது சில வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் இருப்பதற்காகவும்தான். “இல்லையம்மா, என்னட்டை இருக்கு” என்று போத்தலைத் தூக்கிக் காட்டுவோம். வீட்டுக்காரிக்கு அது விளங்கும். தம்ளரை உள்ளே கொண்டுபோய்விடுவார். அடுத்த முறை கேட்கவே மாட்டார். செம்பிலும் தம்ளரிலும் சாதி பார்த்த ஊரில், சுகாதாரம் என்ற பெயரில் போத்தல் அந்த வேலையைச் செய்கிறது. நான் அப்படிச் செய்ததில்லை என்று இங்கே எழுத எனக்கு வாய் வரவில்லை.

அக்கா ஆஸ்பத்திரியால் வந்த பிறகு நாங்கள் ஒன்பது பேரும் இருந்து ஒரு காரியம் செய்தோம். வீதி வழியே எங்கள் குழு அங்கத்தவர்களின் வீடுகளை ஒரு கொப்பியில் எழுதினோம். கதவுள்ள, தண்ணீர் வசதியுள்ள மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று. கோயில்கள், முன்பள்ளிகள், கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடங்களையும் சேர்த்தோம். திறப்பு யாரிடம் என்பதையும் எழுதினோம். பூநகரியிலிருந்து போகும்போது பதினைந்து கிலோமீற்றருக்கு ஒன்றாவது அமைந்தது. ஒரு துண்டு மட்டும் முப்பது கிலோமீற்றர் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பிரதேச சபைக்கு மனுக் கொடுத்திருக்கிறோம். காலை இழந்த பிறகு மூன்று சில்லு ஸ்கூட்டி ஓட்டும் தங்கச்சி ஒருத்தி, படி இல்லாத மலசலகூடங்களுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு புள்ளடி போட்டாள். எங்களில் எவருக்கும் அது தோன்றியிருக்கவில்லை.

அந்த வீடுகளில் ஒன்று ஒரு வயதான அம்மாவுடையது. அவரது திண்ணையில் பத்துப் பன்னிரண்டு போத்தல்கள் நிரையாக, எப்போதும் நிரம்பி இருக்கும். 2009 இல் கடற்கரை மணலைக் கையால் தோண்டி, ஊறி வந்த உவர்த் தண்ணீரைத் துணியில் வடித்துப் பேரப்பிள்ளைக்குக் கொடுத்தவர். அதன்பிறகு வீட்டில் வெறும் போத்தல் இருந்தால் அவருக்கு நித்திரை வராது. வீடு முழுக்கப் போத்தல் என்று மருமகள் சினப்பார். எங்கள் கொப்பியில் அந்த வீடு சேர்ந்த பிறகு சினப்பதில்லை. போகிறவர்களும் வருகிறவர்களும் எடுத்துக்கொண்டு போவதால் அம்மாவுக்கு நிரப்ப வேலை இருக்கிறது.

போன கிழமை அக்காவோடு நானும் போனேன். அந்த வீட்டுப் படலையில் ஸ்கூட்டியை நிறுத்தி அக்கா போத்தலை எடுத்தபோது அரைவாசிதான் இருந்தது. அம்மா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இதையும் குடிச்சு முடியும், பிறகு தாறன்” என்றார். அக்கா நின்றபடியே குடித்தார். தம்ளரில் எனக்கும் தந்தார், வாங்கிக் குடித்தேன்.

செவ்வரத்தைக்கு இப்போது மகள் கிணற்றில் அள்ளித்தான் ஊற்றுகிறாளாம்.