மல்லாக்கப் படுக்காதே மச்சி!

ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாஸ்டல் ரூம்ல டார்ச் அடிச்சுப் பாருங்க. ஒருத்தர் மல்லாக்க, ஒருத்தர் குப்புற, இன்னொருத்தர் விரிச்சுவெச்ச புத்தகத்து மேலயே! நாலாவது ஆள் மட்டும் சமர்த்தா ஒருக்களிச்சு. இதுல எது மூளைக்கு நல்லது?

எலிகிட்ட கேட்டா நாலாவது ஆளைத்தான் கை காட்டும். நம்ம மூளைக்குள்ள ஒரு துப்புரவு டிபார்ட்மென்ட் இருக்கு. நாள் முழுக்கச் சேர்ற கழிவை ஒரு திரவம் அலசிக்கிட்டுப் போகும். 2012-ல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட் குழு இதுக்கு 'கிளிம்ஃபாடிக்'னு பேர் வெச்சாங்க. 2015-ல் நியூயார்க் பக்கம் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில், எலிகளை மூணு விதமா படுக்கவெச்சு எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. ஒருக்களிச்ச எலிக்குத்தான் கழிவு நல்லாப் போச்சு.

உடனே தலையணையைத் திருப்பிப் போடாதீங்க. அதெல்லாம் மயக்க மருந்து கொடுத்த எலிங்க. நாம ராத்திரியில எத்தனை தடவை புரள்றோம்! போதாக்குறைக்கு 2024-ல் லண்டன் இம்பீரியல் காலேஜ்காரங்க, 'தூங்குறப்போ சுண்டெலி மூளையில் கழிவு வெளியேறுறது குறையத்தான் செய்யுது'னு குண்டைத் தூக்கிப் போட்டாங்க. பஞ்சாயத்து ஓடிட்டிருக்கு. 'ஒருக்களிச்சுப் படுத்தா மறதி நோய் வராது'னு எவராவது ஃபார்வர்டு அனுப்பினா சிரிச்சிட்டுப் போயிடுங்க. (வடக்கே தலை வெக்கக் கூடாதுங்கிற பாட்டி கணக்கு வேற சப்ஜெக்ட்!)

ஆனா, அந்த மல்லாக்கப் படுத்த ஆள் விஷயம் சீரியஸ். மல்லாக்கப் படுத்தா நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சுப் பாதை குறுகும். குறட்டை கிளம்பும். சிலருக்குக் குறட்டை திடீர்னு நின்னு, பத்து செகண்ட், அதுக்கு மேலயும் மூச்சே இருக்காது. அப்புறம் திணறிக்கிட்டு இழுப்பாங்க. இதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கும், தூக்கம் அறுபடும். எட்டு மணி நேரம் படுத்தும் முதல் பீரியட்லயே கண் சொக்கும், படிச்சது தங்காது. 'சோம்பேறி'னு பேர் வாங்குற பல பேருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம். ஒல்லியான ஆளுக்கும் வரும்.

தூங்குறவருக்கு இது தெரியாது. பக்கத்து கட்டில்காரருக்குத்தான் தெரியும். குறட்டையை செல்போன்ல எடுத்து க்ரூப்ல போட்டுக் கலாய்க்கிறீங்கல்ல? அதே வீடியோவோட ஆளை காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அவருக்கு அது ரொம்ப உபயோகப்படும். மல்லாக்கப் படுத்தா மட்டும் வர்ற வெறும் குறட்டைன்னா, பழைய வைத்தியம் ஒண்ணு இருக்கு: டி-ஷர்ட் முதுகுல ஒரு டென்னிஸ் பந்தை வெச்சுத் தெச்சுடணும். மல்லாந்தா குத்தும், தானா ஒருக்களிச்சிடுவாங்க. பந்து, மாடியில கிரிக்கெட் ஆடுற ஜூனியர்ஸ்கிட்ட ஓசியிலேயே கிடைக்கும்.